கத்தரிப்பூ நிறக் காசு

சிவப்பு நகப்பூச்சு தீர்ந்துபோனதால்தான் அவள் அக்காவின் அலமாரியிலிருந்து கத்தரிப்பூ நிறப் புட்டியைச் சுட்டுக்கொண்டு வந்தாள். நகத்துக்கு அல்ல, காசுக்கு. அவள் கடையில் வரிசையாக நிற்கும், காசு போட்டால் துவைக்கும் இயந்திரங்களும் அவற்றின் காசுப் பெட்டிகளும் வாடகைக்கு விட்ட கம்பெனியுடையவை. சில நேரம் இயந்திரம் காசை விழுங்கிவிட்டுக் கம்மென்று இருக்கும். ஈரத்துணியோடு நிற்பவர் கத்த ஆரம்பிப்பதற்குள் அவள் தன் காசைப் போட்டு ஓட விடுவாள். அது கம்பெனிக் காசோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் பூச்சு. கம்பெனியிலிருந்து வாராவாரம் பெட்டி திறக்க வருகிறவர் சிவப்புக் காசுகளைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். கொடுக்கும்போது அவர் காது சிவப்பதை அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“பெட்டிக்காரர் காசு கொடுக்கவா வர்றார்? உன்னைப் பாக்க வர்றார்டி.”

“உனக்கு வேற வேலையே இல்ல,” என்றாலும், அவர் வரும் நாளில் தலையை இரண்டாம் முறை வாரிக்கொள்வதை அவளால் நிறுத்த முடியவில்லை.

அந்த வாரம் அவர் ஒரு காசுகூடத் திருப்பித் தரவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். மறுநாள் காலை அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“காசெல்லாம் ஒரு மாதிரி கறுத்துக் கெடந்துச்சுங்க. துணிச்சாயம் ஒட்டியிருக்கும்னு நெனச்சு மூட்டையில போட்டுட்டேன். இங்க கள்ளக்காசு மாத்திட்டேங்கறாங்க. சாவியைப் பிடுங்கிட்டாங்க.”

நிறம் மாற்றியதை அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையை அக்கா தலையில் கட்டிவிட்டு, புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள்.

கம்பெனி மேலாளர் மேசையில் அவள் காசுகள் குற்றவாளிகள்போல வரிசையாகக் கிடந்தன. பெட்டிக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். அவள் நடந்ததை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். மேலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இதே பூச்சுதாங்கறதுக்கு என்னம்மா அத்தாட்சி?”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூசிக் காட்ட வேறொன்றும் அகப்படவில்லை. பெட்டிக்காரரின் கையைப் பிடித்து இழுத்தாள், கட்டைவிரல் நகத்தில் ஒரே இழுப்பாகப் பூசினாள், அந்த விரலைக் காசுகளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அச்சு அசல் அதே நிறம். மேலாளர் காசைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், இன்னும் விடாமல் அதைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தபடி சாவிக்கொத்தை எடுத்துப் போட்டார்.

“போங்கய்யா, ரெண்டு பேரும்! அடுத்த தடவ நிறம் மாத்தினா சொல்லிட்டு மாத்துங்கம்மா.”

தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது.

“கடைக்கு வாங்க. அழிக்கற மருந்து இருக்கு.”

“இருக்கட்டுமே,” என்றார் அவர். முதல்முறையாக நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னார். “காயட்டும்.”

எதிலும் பட்டுவிடாமல் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்தார். எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் அதைத் தனக்குத்தான் என்று நினைத்து, ஒலிப்பானை ஒரு தட்டுத் தட்டி, முகமெல்லாம் பல்லாகத் தன் கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். ஜன்னலோரம் இருந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உயர்த்தினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிக்காரர் விரலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்.