நாற்பத்தேழு சதவீதம்

பல் டாக்டர் வீட்டில் காற்றோட்டமான நல்ல அறை ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு கிதார் குடியிருந்தது. டாக்டர், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள் மூவரும் மிச்சமிருந்த இரண்டு அறைகளில் முட்டிமோதிக்கொண்டு கிடந்தார்கள்.

சும்மா கிதார் என்று சொல்லிவிட்டால் டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஆர்ச்டாப்ங்க, ஆர்ச்டாப்!" என்பார். மேற்பலகையை வயலின் மாதிரி வளைவாகச் செதுக்கிய, ஜாஸ் வாசிக்கிறவர்கள் உயிரை விடுகிற பழைய சாமான். வயது எழுபத்தெட்டு. அந்த அறையின் ஈரப்பதம் நாற்பத்தேழு சதவீதத்திலேயே நிற்க வேண்டும், அதற்கென்று ஒரு இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. மனைவிக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தபோது எத்தனை டிகிரி என்று டாக்டருக்குத் தெரியாது.

வாசிப்பாரா? அதை மட்டும் கேட்கக் கூடாது. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு பாட்டின் முதல் பாதி வந்திருந்தது. மறுபாதிக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை. போனால் போகிறது என்று அந்தப் பாட்டை மன்னித்து விட்டுவிட்டார்.

"இது தூங்கற மரம். தொந்தரவு பண்ணாம இருந்தா நாதம் தானா திறந்துக்கும்" என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தார். கொடுமை என்னவென்றால், கிதார் திறந்துகொண்டேதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கம்பியை மட்டும் சுண்டிப் பார்ப்பார். இரண்டு வருடமாக நாதம் கனிந்துகொண்டே போனது. எல்லாம் நாற்பத்தேழு செய்த மாயம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஊரில் ஆர்ச்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வட்டம் இருந்தது. வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றாத ஏழு ஆண்கள். சேர விரும்புகிறவர் வீட்டுக்கு வந்து கிதாரைச் சோதிப்பார்கள், அவர் ஒரு முழுப் பாட்டு வாசிக்க வேண்டும். மெம்பர்களின் மனைவிமார் கூட்டத்துக்கு வரலாம், டீ அவர்கள் பொறுப்பு. இப்படியும் ஒரு விதி! வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்த மனிதருக்கு, தன்னையும் ஒரு கலைஞன் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்று ஆசை. வரச் சொல்லிவிட்டார். பாதி வாசித்துவிட்டு, மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று சமாளித்துவிடலாம் என்பது திட்டம்.

வந்தார்கள். வட்டத்தின் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கிதாரின் கழுத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார், ஒரு கம்பியைச் சுண்டிக் கேட்டார்.

"பலே! கம்பிக்குக் கீழ இருக்கற உலோகப் பட்டையெல்லாம் புதுசா தேஞ்சிருக்கு. தினம் ரெண்டு மணி நேரமாவது வாசிக்கிற கிதாரு இது. அதான் இப்படிப் பேசுது."

டாக்டரும் குனிந்து பார்த்தார். யார் வாசித்தது? ஆனால் ஏழு தொப்பிகளும் மரியாதையாகத் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் நாக்கு முந்திக்கொண்டது.

"ஆமாங்க. கிளினிக்குக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி... நான்தான்."

"எங்க, கம்பிய அழுத்தற இடது கை விரலக் காட்டுங்க."

காட்டினார். எந்நேரமும் கையுறைக்குள் இருந்த விரல்கள் வழவழவென்று இருந்தன. கடைக்காரர் லென்ஸை அந்த விரல்கள் மேல் நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து மனைவி டீத் தட்டை நீட்டினாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தார். நான்கு விரல் நுனியும் காய்த்துப்போயிருந்தன.

"நீங்களாம்மா?"

"தினம் துணியால துடைக்கச் சொன்னாரு, துடைச்சேன்" என்றாள் அவள். "துடைச்சுட்டு அப்படியே வச்சுட மனசு வருமா? முதல்ல இவரைத்தான் கேட்டேன், ஒரு தடவ வாசிச்சுப் பாக்கட்டுமான்னு. இது என்ன துடைப்பமான்னு சிரிச்சாரு. அப்புறம் எதுக்குக் கேக்கணும்? போன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

கடைக்காரர் கிதாரை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் ஐந்து வருடம் முட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட அதே பாட்டு. பாதி தாண்டியும் அவள் நிற்கவில்லை. அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று தன் கிதாரில் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பொறாமையில் காதெல்லாம் எரிந்தது.

"ஈரப்பதம் மட்டும் சரியா இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார். ஒரு தொப்பியும் திரும்பவில்லை.

கடைக்காரர் நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு எங்க வீட்லம்மா. டாக்டரும் வரலாம். விதி அவருக்கே தெரியும்." பிறகு ஆறிப்போன கோப்பையைத் தள்ளிவைத்தார். "இன்னொரு டீ கிடைக்குமா டாக்டர்?"

மனைவி எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டுக்குக் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார், மூடினார். கடைசியில் கிதார் அறை வாசலில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"சக்கரை டப்பா எங்க இருக்கு?"