விட்டால் மங்கும் வெளிச்சம்

என் அக்கா புருஷன் பஸ்ருன் நாலு வருஷமாக என் கடைப்பக்கம் வந்ததில்லை. சம்பிட் ஊர் மீன்சந்தைக்கு எதிரே போன், ரேடியோ பழுதுபார்க்கும் கடை என்னுடையது. பொம்பளைக்கு எதுக்கு இந்த ஈயம் உருக்குற வேலை என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார். உங்க போன் கெட்டா எங்கிட்ட வராதீங்க என்று நானும் சொல்லிவிட்டேன். ரோஷக்காரர், வரவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, விரல் நீள டார்ச் ஒன்றை மேசையில் வைத்தார்.

"மஸ்னியா, இதுல ரெண்டு வெளிச்சம் வரணும். மங்கலா ஒண்ணு, பளிச்சுனு ஒண்ணு. முடியுமா?"

"எதுக்கு அத்தான்? அக்கா மூஞ்சிய மங்கலாப் பார்த்தாப் போதும்னு தோணிருச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "பேட்டரி மிச்சமாகும்" என்றார்.

பொய் என்று தெரிந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடிக் குருவிக் கட்டடம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, குருவிகள் நுழைய மேலே ஒரு துவாரம் மட்டும். உள்ளே பகலிலும் கும்மிருட்டு. உழவாரன் குருவிகள் எச்சிலாலேயே உத்தரக் கட்டைகளில் கூடு கட்டும். குஞ்சு பறந்த பிறகு கூட்டைச் சுரண்டி எடுத்துச் சூப்புக்கு விற்பதுதான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிழைப்பு. வெளிச்சம் கூடினால் குருவிகள் மிரளும். அதனால் டார்ச் முகத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

பின்பக்கப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஒரு தள்ளு சுவிட்ச் வைத்தேன். நடுவில் நின்றால் அணைந்திருக்கும். வலப்பக்கம் தள்ளினால் மின்சாரம் நேராகப் பல்புக்கு. இடப்பக்கம் தள்ளினால் ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும், வெளிச்சம் மங்கும். கடைக் கதவை அடைத்துவிட்டு ரெசிஸ்டரை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டாம் நாளே திரும்பி வந்தார்.

"ஒன் சாமான் என் குருவியெல்லாத்தையும் கலைச்சிருச்சு. மூணு முட்டை விழுந்து ஒடஞ்சுது."

"இடப்பக்கம்தானே மங்கல்? சொன்னேனே!"

"ஏணி மேல நின்னுக்கிட்டு எது இடதுன்னு பார்க்க இன்னொரு டார்ச்சுல்ல வேணும்!"

"நான் உள்ள வந்து பார்க்கலாமா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

உள்ளே எச்ச வாடை, தலைக்கு மேலே குருவிகளின் ஓயாத டிக் டிக். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் குச்சியில் கட்டிய கண்ணாடி, மறு கையில் சிவப்புத் துணி கட்டிய பழைய டார்ச்சோடு அவர் ஏறினார். கூடு தெரிந்தது. கூட்டுக்குள் கண்ணாடியைக் காட்டினால் வெறும் சிவப்பு.

"உள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

மேலிருந்தே மெல்லச் சொன்னார். "குத்துமதிப்புதான். போன தடவை காலின்னு நெனச்சு ஒண்ணச் சுரண்டிப் பையில போட்டுட்டேன். கீழ வந்து கொட்டினா, குஞ்சு. கண்ணே தெறக்கல. எறும்பு முட்டை வாங்கி ஊட்டினேன். நாலு நாள் இருந்துச்சு."

"எங்கிட்ட பேட்டரின்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல, ஒங்கிட்ட போயி?"

கடைக்கு வந்து அந்தச் சுவிட்சைப் பிடுங்கினேன். நான் பண்ணிய தப்பு புரிந்தது. இரண்டு வெளிச்சத்துக்கும் சம இடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு வேண்டியதோ எப்போதும் மங்கல், கேட்டால் மட்டும் ஒரு நொடி பளிச்சு. பழைய பொத்தானையே திரும்ப மாட்டி, ரெசிஸ்டர் வழியாகவே எரியும்படி செய்தேன். பக்கவாட்டில் கட்டைவிரலுக்குக் கீழே, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த சின்னப் பொத்தான் ஒன்று. அதை அழுத்தியிருக்கும்வரை மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் தாண்டிப் போகும். விரலை எடுத்தால் மறுபடி மங்கல்.

மறுநாள் நானும் கூடப் போனேன். முதல் கூட்டில் அரை மூச்சு நேரம் அழுத்தினார், விட்டார். "ரெண்டு முட்டை." காதைத் தீட்டிக் கேட்டேன். டிக் டிக் மாறவில்லை. அடுத்தது, "குஞ்சு. இறகுகூட மொளைக்கல." அதற்கடுத்தது காலி, சுரண்டினார். பிறகு மறுபடி குஞ்சு, மறுபடி குஞ்சு. பையில் கொஞ்சம்தான் சேர்ந்தது.

ஒரு கூட்டின் முன்னால் டார்ச்சைத் தாழ்த்திவிட்டு அப்படியே நின்றார்.

"இத்தன வருஷமா நான் குத்துமதிப்பா எத்தனைய..." என்றார்.

ஏணி லேசாக ஆடியது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு நல்லதுதான் செய்தேனா என்று அப்போது ஒரு சந்தேகம் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

வெளியே வந்து வெயிலில் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரால் பொரிச்சாச்சு, வாங்க என்று அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவைக்குத்தான் எழுந்து போனோம்.