இருபத்து நாலாவது ஆள்

வெள்ளிக்கிழமை மாலைப் பயிற்சி முடிந்து அணி தங்கியிருந்த விடுதியின் படியேறும்போதுதான் டெஸ்னி அதைக் கவனித்தாள். முன்னால் போன ஐர்லிஸ் இடது காலை நேராக ஊன்றாமல் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். அறைக்குள் போனதும் கட்டிலில் உட்கார்ந்து கெண்டைக்கால் சதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முகம் ஒரு கணம் சுண்டிப்போனது.

“சும்மா பிடிச்சுக்கிச்சு,” என்றாள், யாரும் கேட்காமலே. “யார்கிட்டயும் சொல்லாதடி.”

டெஸ்னி சரி என்று தலையாட்டிவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஆறு நாடுகளின் பெண்கள் ரக்பிப் போட்டி அந்த வசந்தத்தில் வேல்ஸுக்குக் கைகொடுக்கவில்லை. ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோல்வி. மிச்சமிருந்தது மறுநாள் கார்டிஃபில் இத்தாலியோடு ஆட வேண்டியது மட்டும். அதிலும் தோற்றால் ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடம். ஐர்லிஸ்தான் அணியின் ஒன்பதாம் எண். குவிந்து கிடக்கும் உடம்புகளுக்கு அடியிலிருந்து பந்தை உருவி மற்றவர்களுக்கு எறிந்துகொண்டே இருப்பவள். அவள் தளர்ந்தால் இறங்குவதற்கு க்வென்னோ என்பவள் மாற்று வரிசையில் இருந்தாள். டெஸ்னியும் அதே இடத்துக்காரிதான். ஆனால் அணியில் இருபத்து மூன்று பேருக்குத்தான் இடம். டெஸ்னி இருபத்து நாலாவது. காலணி மாட்டி எல்லோரோடும் மைதானத்தில் ஓடி உடம்பைச் சூடேற்றுவாள். ஆட்டம் தொடங்கும் ஊதல் ஊதுவதற்குள் யாருக்காவது ஏதாவது ஆனால் உள்ளே போகலாம். ஆகாவிட்டால் காலணியைக் கழற்றிவிட்டுப் பார்வையாளர் வரிசைக்குப் போக வேண்டியதுதான். அந்த வசந்தம் முழுவதும் அவளுக்கு அப்படித்தான் கழிந்தது. நாட்டுக்காக ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை.

ஐர்லிஸுக்குக் கால் போனால் க்வென்னோ முன்னே வருவாள், மாற்று வரிசையில் ஒரு இடம் காலியாகும். இந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்று எவ்வளவு நினைத்தாலும் மனசு அதையே போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் கார்மார்தன் ஊரில் ஒரே வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒரே கிளப்பில் ஆடுபவர்கள், இன்று துணி துவைப்பது யார் முறை என்று வாரம் தவறாமல் சண்டை போடுபவர்கள். சொல்லாமல் விட்டு ஆட்டத்தின் நடுவில் சதை கிழிந்தால் அணிக்கும் கேடு, அவளுக்கும் கேடு. சொன்னாலோ, எதற்காகச் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள், ஒரு வாய் இறங்கவில்லை. கார் நிறுத்துமிடத்தை மழைத் தூறலில் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மா போனில் கூப்பிட்டு, பெரியம்மாவோடு கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். இன்றைக்கும் தான் ஆடப்போவதில்லை என்று டெஸ்னி ஞாபகப்படுத்தினாள்.

“தெரியும்டி. நீ ஆடலேன்னா என்ன, இத்தாலிக்காரிங்க ஆடுவாங்கல்ல, அவங்களப் பாத்துட்டு வரோம்,” என்றாள் அம்மா.

போனை வைத்ததும் கால்கள் தாமாகவே உடற்சிகிச்சை அறைக்கு நடந்தன. அங்கே மெரேரித் பிளாஸ்திரிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அணியில் எல்லோருடைய எலும்பும் தசையும் அவள் கைக்குப் பழக்கம். டெஸ்னி வாசலில் நின்றபடியே, ஐர்லிஸின் இடது காலை ஒரு தடவை பார்க்கும்படி சொன்னாள். மெரேரித் கையிலிருந்த பிளாஸ்திரியைக் கீழே வைத்தாள்.

“நீதானே இன்னிக்கு இருபத்து நாலு?”

“ஆமா.”

“சரி, போ,” என்றாள்.

ஐர்லிஸை விடுதியின் பின்பக்கப் புல்வெளிக்கு அழைத்துப் போனார்கள். டெஸ்னி அறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஒற்றைக் காலில் எம்பினாள், நொண்டியடித்துக் குதித்தாள், வேலி வரைக்கும் பாய்ந்தோடித் திரும்பினாள். எதிலும் பிசகு இல்லை. மெரேரித் அவள் தோளில் தட்டிக் கொடுத்தாள். அப்போது ஐர்லிஸ் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். டெஸ்னிக்கு விலகிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பேருந்தில் ஐர்லிஸ் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மைதானத்தில் மட்டும் தப்ப முடியவில்லை. அவளுக்குக் கை பழக எதிரே நின்று பந்து பிடிப்பது டெஸ்னியின் வேலை. ஐர்லிஸ் எறிந்த ஒவ்வொரு பந்தும் நெஞ்சில் அறைந்தாற்போல வந்து விழுந்தது. பிறகு பெயர்ப் பட்டியலில் இருந்தவர்கள் உள்ளே போனார்கள், டெஸ்னி காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று ஐர்லிஸ் ஆடிய ஆட்டத்தைக் கார்டிஃப் அதற்கு முன் பார்த்ததில்லை. பந்து கைக்கு வருவதற்கு முன்பே எங்கே எறிவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தாலிக்காரிகளும் விடவில்லை, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் புள்ளி ஏறியது. சுற்றிலும் எல்லோரும் பாடினார்கள். பெரியம்மா குரல் கட்டும் வரை பாடினாள். டெஸ்னிக்கு மட்டும் பாட்டு வரவில்லை. அவள் கண் பந்தின் பின்னால் போகாமல் அந்த இடது காலின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், வேல்ஸ் இரண்டே புள்ளி முன்னால். ஒரு குவியல் கலைந்தபோது ஐர்லிஸ் எழுந்திருக்கவில்லை. டெஸ்னி சட்டென்று எழுந்து நின்றாள். ஊதல் ஊதிய பிறகு அவளுக்கு உள்ளே போக வழியே இல்லை, ஆகவே இதில் அவளுக்கு லாபம் எதுவும் கிடையாது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. பயமா, தன் பேச்சு மெய்யானதில் வந்த திருப்தியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐர்லிஸ் மண்டியிட்டாள், பிறகு எழுந்தாள், ஓடினாள். கடைசி ஊதல் வரை ஓடினாள். வேல்ஸ் ஜெயித்தது.

உடை மாற்றும் அறையில் பாட்டும் பீருமாக ஒரே அமளி. ஐர்லிஸ் மூலையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டெஸ்னியைப் பார்த்ததும் பக்கத்தில் கிடந்த பையைத் தள்ளி இடம் விட்டாள்.

“வலிச்சுதா?” என்று கேட்டாள் டெஸ்னி.

“காலையிலேருந்து. அந்தப் புல்வெளியில பல்லக் கடிச்சுக்கிட்டுக் குதிச்சேன். மெரேரித்தயே ஏமாத்திட்டேன்.” காலுறையை இறக்கிக் காட்டினாள். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி நீலம் பாரித்திருந்தது.

“அப்ப நான் சொன்னது சரிதானே?”

“சரிதான். எதுக்குச் சொன்னே, அதச் சொல்லு. எனக்காகவா, உனக்காகவா?”

டெஸ்னி வாயைத் திறந்தாள். உனக்காக என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

“எனக்கே தெரியலடி,” என்றாள்.

ஐர்லிஸ் தலையை அசைத்தாள். அது மன்னிப்பா வெறுப்பா என்று தெரியவில்லை. “உனக்காகத்தான்னு சொல்லியிருந்தா அறைஞ்சிருப்பேன். எனக்காகன்னு சொல்லியிருந்தாலும் அறைஞ்சிருப்பேன்,” என்றாள். பிறகு மெரேரித்தைக் கூப்பிடச் சொன்னாள். டெஸ்னி ஓடினாள்.

சதை கிழிந்திருந்தது. கோடை முழுவதும் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், மீட்டர் கட்டணத்தைப் பற்றிப் பேசினார்கள், துணிக்கு மட்டும் சண்டை போடவில்லை. முறை யாருடையதென்றாலும் ஐர்லிஸ் பேசாமல் விட்டுக்கொடுத்தாள். டெஸ்னியை அதுதான் வாட்டியது. ஒரு தடவை வேண்டுமென்றே ஐர்லிஸின் முறையன்று தன் துணியால் சலவை இயந்திரத்தை நிரப்பிவைத்துப் பார்த்தாள். ஐர்லிஸ் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி மாடிக்குப் போய்விட்டாள்.

கோடையில் ஸ்காட்லாந்தோடு நடந்த நட்பு ஆட்டத்தில் டெஸ்னிக்கு மாற்று வரிசையில் இடம் கிடைத்தது. ஆட்டத்துக்கு முன் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனில் ஐர்லிஸிடமிருந்து செய்தி வந்திருந்தது.

“பந்த ரொம்ப நேரம் கையில வச்சிருக்காத. உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருக்கு.”

அவ்வளவுதான். வாழ்த்து இல்லை, கூட ஒரு சொல் இல்லை. டெஸ்னி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பதில் எழுத ஆரம்பித்தாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வெளியே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள்.