முடி வேலி

முயலைப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழகு" என்று கொஞ்சுகிறவர்களை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று கீரைக்காரிக்குத் தோன்றும். அவர்கள் யாரும் அதன் புழுக்கையைக் கூட்டி அள்ளியிருக்கமாட்டார்கள். அதன் மூத்திரம் வெயிலில் காயும்போது எழும் வாடை அவர்கள் மூக்கில் ஏறியிருக்காது. ஒருநாள் காலை அவள் கண்ணெதிரே, கொத்தமல்லிப் பாத்தியின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு கொழுத்த முயல், குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே எதையோ வாயால் வாங்கி மென்று விழுங்கியது. விழுங்கிவிட்டு அதே வாயால் கொத்தமல்லியைக் கடித்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் செய்த புண்ணியம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு ஜோடி வாங்கினார்கள். வீட்டைக் காலி செய்தபோது பீரோவை ஏற்றினார்கள், கட்டிலை ஏற்றினார்கள், கால் உடைந்த நாற்காலியைக்கூட விடவில்லை. முயல்களை மட்டும் கூண்டைத் திறந்து விட்டுவிட்டுப் போனார்கள், மகராசர்கள். ஜோடி கூட்டமாக எத்தனை நாள் ஆகும்? பூட்டிக்கிடந்த வீட்டின் புதருக்குள் குடும்பம் நடத்திவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் மதிலடியில் தோண்டிக்கொண்டு இவள் தோட்டத்துக்கு வந்தன.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், துணி காயும் கொடிக்கும் மதிலுக்கும் நடுவே ஆறேழு பாத்தி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாத்திகள்தான் அவளைத் தலைநிமிர வைத்தவை. அதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தவள் அவள். அடுத்தவர் மென்று துப்பிய சக்கை, மிச்சக் குழம்பில் அணைத்த சிகரெட் துண்டு, மூக்கைச் சிந்திச் சுருட்டி வைத்த காகிதம், எல்லாவற்றையும் வெறும் கையால் வழித்துப் போட்டிருக்கிறாள். கடைத்தெரு ஹோட்டல்காரர் தினமும் கீரையும் கொத்தமல்லியும் அவளிடமே எடுத்துக்கொள்வதாகச் சொன்ன அன்று, இனிமேல் செத்தாலும் எச்சில் தட்டில் கைவைப்பதில்லை என்று புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஹோட்டல்காரர் அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் சுத்தம். பழுத்த இலை ஒன்று இருக்காது, வேரில் மண் இருக்காது. மூன்று தண்ணீரில் அலசித்தான் கட்டுவாள். தெருவில் அவளுக்குச் 'சோப்பு' என்றே பட்டப்பெயர். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்து அவளும் சிரிப்பாள்.

முயல் புகுந்தபின் கட்டு பாதியாகச் சுருங்கியது. வலை கட்டினாள், அடியில் தோண்டின. மிளகாய்ப்பொடி தூவினாள், தும்மல் வந்தது அவளுக்குத்தான். கல்லெடுத்து எறிந்தாள், சொந்த வீட்டு ஜன்னல் கண்ணாடி போனது. கொன்றுபோட்டால்தான் என்ன என்று புருஷனிடம் கத்தினாள். அவரிடம் கத்தி என்ன பிரயோசனம்? சலூன் வைத்திருக்கிறவர், நாள் முழுக்க அடுத்தவர் கழுத்தில் கத்தி வைக்கிறவர். வீட்டில் ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால் கதவைத் திறந்துவிட்டு அது வெளியே போகும்வரை காத்திருப்பார்.

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு உலகத்தில் தெரியாத விஷயம் ஏது? அப்படி ஒரு வாடிக்கைக்காரர் முகத்தில் நுரையோடு ஒரு வழி சொல்லியிருக்கிறார். வெட்டிய முடியைப் பாத்தியைச் சுற்றிப் போட்டால், மனுஷ வாடைக்குப் பயந்து முயல் அண்டாதாம். புருஷன் அன்று சாயங்காலமே ஒரு சாக்கு நிறைய முடியோடு வந்து நின்றார், வெகுமதி வாங்கி வந்தவர் மாதிரி.

சாக்கின் வாயைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஊரார் தலைமுடி. எண்ணெய்ப் பிசுக்கும் பொடுகுமாக, நரையும் சாயமுமாக, எவன் எவனுடைய தாடியோ கலந்து கிடந்தது. இதைத் தன் கீரைக்குப் பக்கத்தில் கொட்டுவதா, எடுத்துக்கொண்டு போங்கள் என்று விரட்டிவிட்டாள். மறுநாள் காலை இரண்டு பாத்தியில் வெறும் தண்டுதான் நின்றது. அதற்குமேல் அவளால் என்ன செய்யமுடியும்? மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, "போட்டுத் தொலைங்க" என்றாள்.

நம்பினால் நம்புங்கள், முயல் வருவது நின்றது. கீரை மறுபடி தழைத்தது. புருஷன் தினமும் புது முடி கொண்டுவந்து, ஏதோ கோட்டை கட்டுகிறவர் போலப் பார்த்துப் பார்த்துத் தூவினார். காற்று என்று ஒன்று அடிக்கும் என்பது இரண்டு பேருக்கும் புத்தியில் படவில்லை. அவளும் மூன்று தண்ணீருக்கு நாலு தண்ணீராக அலசினாள். ஈரக் கீரையில் ஒட்டிய முடி எந்தத் தண்ணீரில் போகும்?

ஹோட்டலில் ஒருவர் வாய்க்குள்ளிருந்து, பாதி மென்ற கீரையோடு சேர்த்து, நீளமாக ஒரு முடியை உருவினார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாராம். ஹோட்டல்காரர் போனில் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. காலையில் தோட்டத்தைத் தானே வந்து பார்ப்பதாகவும், அதன்பிறகு எடுப்பதா நிறுத்துவதா என்று சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விடிந்ததும் விடியாததுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் தோட்டத்தில் இறங்கினார்கள். அவர் வாரினார், அவள் குனிந்து விரலால் பொறுக்கினாள். பனியில் நனைந்து மண்ணோடு திரிதிரியாகிப் போன முடி விரலிடுக்கில் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒருவழியாக எல்லாம் சாக்குக்குள் போனது. கடைசிப் பாத்தியின் ஓரத்தில் மட்டும் ஒரு கொத்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இழுத்தாள். மண் சரிந்து ஒரு பொந்து திறந்தது.

உள்ளே சலூன் முடியைச் சேர்த்து மெத்தை போட்டிருந்தது ஒரு முயல். அந்த மெத்தையில், தோல் மட்டும் போர்த்திய சதைத் துண்டுகளாக, கண் திறக்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. ஈரச் சதையில் ஊரார் நரைமுடி ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பாக ஒரு புளித்த வாடை அவள் முகத்தில் அடித்தது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

"தொடாத," என்றார் புருஷன். "நான் ஒரு பெட்டி கொண்டாறேன். புதர்ல வச்சுட்டா தாய் வந்து பாத்துக்கும்."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். முடியைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, சலூனில் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. முறத்தால் மெத்தையோடு வாரி, காலி பெயின்ட் வாளிக்குள் போட்டாள். பொந்தை மண்ணால் மூடி மிதித்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. வாளியின் மூடியை எடுத்து அழுத்தி மூடிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கால் சுளுக்கிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, தப்பாக நினைக்கவேண்டாம் என்று ஹோட்டல்காரரிடம் சொன்னாள். அவர் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார், ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு துவைக்கிற கல்லில் சாவகாசமாக உட்கார்ந்து சமையல்காரன் மேல் குறை சொல்ல ஆரம்பித்தார். அந்த முடி அவன் தலையிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கவேண்டும், தொப்பி போடு என்றால் கேட்பதில்லை என்றார். அவள் தலையாட்டினாள். வெயில் ஏறி நேரே வாளிமேல் விழுந்தது. அடியில் பிளாஸ்டிக் சுவரில் ஏதோ மெதுவாக முட்டியது. கீச்சென்று ஒரு சத்தம், அவள் இருமினாள். மறுபடி முட்டியது, மறுபடி இருமினாள். சும்மா இருந்து தொலையேன், சும்மா இருந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. அப்பாடா என்று தோள் தளர்ந்தது அவளுக்கு. அதற்குப்பின் அவர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்கக்கூட முடிந்தது.

எப்போதும்போலக் கீரையை அனுப்பச் சொல்லிவிட்டு, புதிதாகத் திறக்கும் கடைக்கும் அவளே தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஹோட்டல்காரர் போனார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள் எழுந்து மூடியைத் திறந்தாள். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. முடியெல்லாம் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. அவள் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

புருஷன் வந்து நின்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. காற்றுப் போகப் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அடியில் சலூன் துண்டை மடித்துப் போட்டிருந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தவர் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார்.

"சத்தம் ஏதும் போடலையா?" என்று கேட்டார்.

"போட்டுச்சு," என்றாள் அவள். "நின்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க."