பதினோராம் பக்கமும் பதினான்காம் பக்கமும்

லப்பைக்குடிக்காட்டில் மனசில் இருப்பதை வாய்விட்டுப் பேசத் தெரியாத ஆண்பிள்ளைகள் எந்த வீட்டில் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு அப்துல் நாசர் வீட்டைக் காட்டலாம். பசிக்கிறது என்று சொல்வதற்கே அங்கே ஒருவன் நாலு தரம் தொண்டையைக் கனைப்பான். இல்லாவிட்டால், முப்பத்தொரு வயசுத் தவ்ஹீத் தன் மிச்ச வாழ்க்கை எங்கே கழிய வேண்டும் என்ற முடிவைக் கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களிடம் கொண்டுபோய் ஒப்படைத்திருப்பானா?

விஷயம் ஒரு சாவியைப் பற்றியது. ஷார்ஜாவில் ஒரு அரபியின் விளையாட்டுப் பொருள் கிடங்கில் அப்துல் நாசர் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். அந்த அரபி கிடங்குச் சாவியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். நாசர் வீட்டு ஆள்தான் வேண்டும். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது: அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்த பிறகுதான் முந்தின ஆள் ஒரேயடியாக ஊர் திரும்பலாம். முழங்கால் மடங்காமல் போனபோது நாசர் சாவியை மூத்த மகன் தவ்ஹீதிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது, 2006-ல், தவ்ஹீத் இரண்டு மாத லீவில் வந்திருந்தான். சாவி அவனோடு வந்து, கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அந்த இரண்டு மாதமும் அரபியின் மகனே தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கிடங்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அதற்குமேல் அவனுக்குப் பொறுமை கிடையாது. லீவு முடிவதற்குள் தவ்ஹீத் திரும்பிப் போக வேண்டும், அல்லது தம்பி பிலால் போக வேண்டும்.

தவ்ஹீதுக்குப் போகப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவனும் இஃப்பத்தும் சேர்ந்து இருந்தது மொத்தம் ஏழே மாதம். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பகலா இரவா என்று தெரியாமல் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நின்று, ஊருக்கு வந்தும் அவன் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தான். பிலாலுக்கும் போகப் பிடிக்கவில்லை. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை; தை மாதம் நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். கல்லைப் பொடித்துச் சோதிப்பதில் அந்தப் பையனுக்கு அப்படி ஒரு ஆசை.

நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள் என்று நாசர் ஒதுங்கிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் பேசினார்கள். நீ சொல்கிறபடி செய்யலாம் என்றான் தவ்ஹீத். இல்லை, நீங்கள் சொல்கிறபடி என்றான் பிலால். பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது.

பிறகுதான் சிப்பாய்ப் பெட்டி வந்தது. விற்காமல் தேங்கிய சரக்கு என்று அரபி தவ்ஹீதுக்குச் சும்மா கொடுத்தது. உள்ளே நாற்பது சிப்பாய்கள், ஆறு தாயக்கட்டைகள், ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம். கட்டம் கிடையாது, அங்குல டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு தளபதி. யாருடைய தளபதி விழுகிறானோ அவனுக்குத் தோல்வி. மாடி அறையில் ஒரு பழைய கதவை இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடத்திப் போர்க்களம் ஆக்கினார்கள். குன்றுகளுக்காகப் பிலால் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து சிப்பி பதிந்த கற்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான்.

விதிகளில் சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க அருள் பிரகாஷ் வந்தான். கல்லூரியில் தவ்ஹீதோடு படித்தவன், ஏலாக்குறிச்சிக்காரன், அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, விதிப்புத்தகத்தை பைபிள் அளவு மரியாதையோடு மடியில் வைத்துக்கொள்வான். புத்தகத்தில் தெளிவில்லாத இடத்தில் அவன் சொல்வதே தீர்ப்பு. தீர்ப்பைத் தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவான். கையெழுத்துப் போட்ட தீர்ப்பை மாற்ற முடியாது.

மூன்று ஞாயிறு, மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தவன் ஊரில் இருப்பது என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது இருவருக்குமே ஞாபகமில்லை. சூது ஹராம் என்று அத்தா நாசர் கத்துவார் என்பதால் கீழே யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நடந்தபோது மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இஃப்பத்துக்குத் தெரியும்.

முதல் ஆட்டத்திலேயே வந்தது வினை. சண்டையில் தோற்ற சிப்பாய் ஓர் அங்குலம் பின்வாங்க வேண்டும். பின்வாங்க இடம் இல்லையென்றால் அங்கேயே விழுவான். பின்னால் தன் ஆளே நின்றால், அவன் விலகி வழிவிடலாம் என்றது பதினான்காம் பக்கம். எதிரியோடு சண்டையில் இருப்பவன் இடத்தை விட்டு அசையக் கூடாது என்றது பதினோராம் பக்கம். பின்னால் நிற்பவனே சண்டையில் இருந்தால்? புத்தகம் வாயைத் திறக்கவில்லை. பிலாலின் தளபதி சரியாக அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றான்.

வழிவிடலாம் என்று பிலால் வாதாடினான். தளபதி உயிர் போகிறபோது தன் ஆள் வழிவிடாமல் என்ன செய்வான் என்று கேட்டான். முடியவே முடியாது என்றான் தவ்ஹீத். அருள் பிரகாஷ் இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் புரட்டிவிட்டு, தவ்ஹீதைப் பார்த்துக் கேட்டான்.

"கம்பெனிக்காரன் இதப் பத்தி வேற எதாச்சும் பேப்பர் அனுப்பியிருக்கானாடா?"

"இல்ல" என்றான் தவ்ஹீத்.

அது பொய். கம்பெனி ஒரு திருத்தத் தாள் அனுப்பியிருந்தது. சரக்குப் பெட்டிகளைப் பிரிக்கிறபோது அவன் கையிலேயே கிடைத்து, படித்து, மடித்து சூட்கேஸ் உறையில் போட்டிருந்தான். சண்டையில் இருப்பவனும் வழிவிடலாம், ஆனால் அப்போது அவனோடு பொருதுகிற எதிரியின் அடி தடுப்பாரில்லாமல் அவன்மேல் விழும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் தவ்ஹீத் யோசிக்கவே இல்லை. ஜன்னல் இல்லாத கிடங்குதான் அவன் கண்முன் நின்றது. அருள் பிரகாஷ் பதினோராம் பக்கத்தின் பக்கம் சாய்ந்தான். ‘சண்டையில் இருப்பவன் வழிவிட முடியாது’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினான். கையெழுத்துகள் விழுந்தன. பிலாலின் தளபதியும் விழுந்தான்.

அடுத்த ஞாயிறு தாயக்கட்டைகள் பிலால் சொன்னபடியெல்லாம் கேட்டன. இரண்டாவது ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆளுக்கு ஒன்று.

மூன்றாவது ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்ட மயக்கம் யாருக்கும் இல்லை. வெயிலில் அறை கொதித்தது. தவ்ஹீத் கவனமாகத்தான் ஆடினான். ஆனாலும் நாலு மணி வாக்கில் அவன் தளபதி சண்டையில் தோற்று நின்றான். இரண்டு பக்கமும் சிப்பிக்கல், முன்னால் பிலாலின் ஆட்கள். பின்னால் அவனுடைய சொந்தச் சிப்பாய் ஒருவன், இன்னொரு எதிரியோடு சண்டையில் இருந்தான்.

அருள் பிரகாஷ் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தை மெதுவாகப் படித்தான். கீழே தவ்ஹீதின் கையெழுத்து, கோடு இழுத்து, அலட்சியமாக.

தவ்ஹீதுக்குத் தெரியும், தாள் கீழே சூட்கேஸில்தான் இருக்கிறது. எடுத்து வந்து காட்டினால் இந்தத் தளபதி பிழைப்பான். ஆனால் அப்படியென்றால் முதல் ஆட்டத்தில் பிலாலின் தளபதியும் பிழைத்திருப்பான். அன்று களத்தில் கை ஓங்கியிருந்தது பிலாலுக்குத்தான்; அது பிலாலின் ஆட்டம். இரண்டாவதும் பிலாலுடையது. தாளைக் காட்டினாலும் அவன் தோற்றான், காட்டாவிட்டாலும் தோற்றான். போகிற வழி இரண்டையும் தானே கல் வைத்து அடைத்துவிட்டு நடுவில் நிற்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தபோது, இரண்டு வாரத்துக்கு முன் சொன்ன அந்த ஒற்றைச் சொல் திரும்பக் காதில் கேட்டது.

அப்போதுதான் இஃப்பத் படியேறி உள்ளே வந்தாள். டீ கொண்டுவரவில்லை. கையில் அந்தத் தாள் இருந்தது. முந்தின நாள் அவன் சூட்கேஸை ஒதுங்கவைக்கிறபோது, சிப்பாய்ப் படம் போட்ட தாளைப் பார்த்திருக்கிறாள். பி.காம். படித்தவள், இரண்டு தரம் படித்திருக்கிறாள். படியில் நின்று அருள் பிரகாஷ் படித்ததைக் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டாள்.

"உங்க சூட்கேஸ்ல இருந்துச்சு, இதுல போட்டிருக்குங்க. வழிவிடலாமாம். மறந்துட்டீங்களா?"

லீவில் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை.

"மறந்துட்டேன்" என்றான் தவ்ஹீத்.

அருள் பிரகாஷ் தாளை வாங்கி உரக்கப் படித்தான். படித்துக்கொண்டு போகும்போதே அவன் குரல் இறங்கியது. தாளின் அடியில் அச்சிட்ட வருஷம் இருந்தது: இரண்டாயிரத்து நாலு. பிலால் அதை எட்டிப் பார்த்தான். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தான். தேதியின் மேல் அவன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. கல்லைப் பார்த்து அதில் சுண்ணாம்பு எவ்வளவு, மண் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவனுக்கு இந்தக் கணக்கா தெரியாது? தவ்ஹீத் தம்பியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஜன்னலைப் பார்த்தான்.

வாத்தியாருக்கும் புரிந்துவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிலால் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். இஃப்பத் அண்ணி நிற்கும் பக்கம் ஒரு தரம் திரும்பினான். நோட்டை மூடி, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அண்ணி சொல்றது சரிதான். வழிவிடலாம். அடி மட்டும் வழிவிட்டவனுக்கு."

அவனே கையை நீட்டி, பின்னால் நின்ற சிப்பாயை ஓரமாக நகர்த்தினான். தளபதியை ஓர் அங்குலம் பின்னால் வைத்தான். பிறகு தாயக்கட்டையை உருட்டினான். ஆறு விழுந்தது. வழிவிட்ட சிப்பாயை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தன் தளபதியை விரலால் சுண்டிக் கீழே சாய்த்தான்.

"போதும்ணே. நான் போறேன்."

இஃப்பத் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தவ்ஹீதுக்கு இருந்தது. முதல் ஆட்டம் உன்னுடையது, ஆணியில் இருக்கிற சாவி என்னுடையது என்று இரண்டே வாக்கியம். கீழே அவள் மாமியாரிடம் சந்தோஷமாக ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. அவன் அளவு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தான். அருள் பிரகாஷ் டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டான். அதன் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை.

விசா ஐந்து வாரத்தில் வந்தது. பிலால் ஆலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். திருச்சி ஏர்போர்ட் வாசலில் அப்துல் நாசர், வழக்கப்படி, சாவியை பிஸ்மி சொல்லி இளையவன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். அண்ணனும் தம்பியும் தனியாக நின்றார்கள்.

"அந்த நோட்டு என் அலமாரியிலதான்ணே இருக்கு" என்றான் பிலால். "கிழிச்சுராதீங்க. திரும்பி வந்து ஆடணும்."

கோபமாகச் சொன்னானா, பிரியமாகச் சொன்னானா என்று அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தவ்ஹீத் தொண்டையைக் கனைத்தான். பிலால் டிராலியை நிறுத்திக் காத்திருந்தான். இன்னொரு தரம் கனைத்தான். பின்னால் வந்தவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்றாவது தரம் கனைத்தான். நாலாவது தரம் குரல் வந்தது.

"உள்ள ஏசி குளிரும். இன்னொரு சட்டையை மேல போட்டுக்க."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு பிலால் உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இஃப்பத் அவன் சூட்கேஸைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள். இனிமேல் அது வேண்டாமே என்றாள். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி வெறுமையாக இருந்தது. சாப்பாடு போடும்போது, பிலால் ஊருக்கு வருவது எப்போது என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

பிலால் ஒரேயடியாக ஊர் திரும்ப வேண்டுமானால், அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொள்ள வீட்டு ஆள் ஒருவன் போக வேண்டும். அந்த வீட்டில் அதற்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"தெரியல" என்றான்.