சும்மா இருக்காத கை

தோட்டத்து வாசலில் முதல் வண்டி வந்து நின்றதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் நிலத்தில் ஊர்கூடி ஒரு விழா, ஆளுக்கொரு கைவேலைப் பயிற்சி என்று அவள் கண்ட கனவு, இதோ, பாயும் பிள்ளையுமாக இறங்குகிறது! ‘மண் அடுப்பு கட்டப் பழகலாம்’ என்று எழுதிய பலகைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தவள் திகைத்து நின்றாள்.

அடுப்பு கட்டி முடிந்திருந்தது. முட்டை மாதிரி வழவழவென்று.

"மண்ணைக் குழைச்சு வைன்னுதானேடா சொன்னேன்?"

கொத்தனார் வேலை பார்க்கும் அவள் தம்பி பல்லிளித்தான். "குழைச்சேன்க்கா. அப்புறம் கை சும்மா இருக்கல."

"வர்றவங்க எதைக் கட்டுவாங்க, உன் தலையையா?"

அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. "அடடா, என்ன அழகு!" என்றார் வந்தவர்களில் ஒரு தையல்கார அம்மா. அக்கா செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஈரம் காயாத அடுப்பின் மேல் ஓங்கி ஒரு மிதி.

"முதல் பாடம் இடிக்கிறது! வாங்க எல்லாரும்!"

கூச்சல் காதைப் பிளந்தது. மிதித்தார்கள், குழைத்தார்கள், திசைக்கொருவராய் அப்பினார்கள். சாயங்காலம் ஓர் அடுப்பு எழுந்து நின்றது, தூங்கி வழிகிறவர் போல ஒரு பக்கமாய்ச் சாய்ந்து. அரண்மனையே கட்டியதுபோல எல்லாரும் கைதட்டினார்கள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பூசுகரணையோடு நெருங்கினான். "ஒரே ஒரு தடவு தடவிக்கிறேன்க்கா."

அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ தடவினா அது உன் அடுப்பாயிடும்டா. போய் விறகு எடுத்துட்டு வா."