சுளகில் கலந்த குளிசைகள்

1.

இந்தக் கதை களவெடுத்தது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் கதைத்துச் சிரித்ததை ஒட்டுக்கேட்டேன். அவர்கள் நெல்லியடியில் இறங்கிவிட்டார்கள். மிச்சம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1974இல், முடக்குவாதத்துக்கு மருந்து காணப் புறப்பட்ட இளம் மேதை டொக்டர் சோமசேகரம்..." மேதையை வெட்டிவிட்டேன். அவர் நல்ல மனிதர். அது போதும்.

2.

நாகேஸ்வரியும் குணலட்சுமியும் மச்சாள்மார். குணலட்சுமியின் அண்ணனைத்தான் நாகேஸ்வரி கட்டியிருந்தாள். கடற்கரையோரம் ஒரே வளவு, ஒரே வருத்தம்: முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. மீன் வெட்டக் கத்தி பிடிக்க ஏலாது.

டொக்டர் விளக்கினார். "உடம்புக்குள்ளை ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் கள்ளனை விட்டிட்டு வீட்டுக்காரரை அடிக்கிறான். அதுதான் இந்த வருத்தம்."

"எங்கடை ஊரை ஆளுற விதானையார் மாதிரி," என்றாள் குணலட்சுமி.

கொழும்பிலிருந்து ஆராய்ச்சிப் போத்தல்கள் வந்திருந்தன. சிலவற்றில் புது மருந்து மாத்திரை, சிலவற்றில் மருந்தே இல்லாத வெறும் மாக் குளிசை. எல்லாம் ஒரே வெள்ளை. எதில் எது என்பது டொக்டருக்கே தெரியாது. அதை அவர் ஒளிக்காமல் சொல்லித்தான் ஆளுக்கொரு போத்தல் கொடுத்தார்.

(தெரியாமல் கொடுத்தால்தான் பக்கச்சார்பு வராதாம். எனக்கு நாகேஸ்வரியில் பக்கச்சார்பு வந்துவிட்டது.)

3.

சில கிழமைகளில் நாகேஸ்வரி தன் தலையைத் தானே பின்னினாள். குணலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் அப்படியே இறுகிக் கிடந்தன.

அன்றைக்கே நாகேஸ்வரி இரண்டு போத்தல்களையும் அரிசி புடைக்கும் சுளகில் கொட்டிக் கலந்தாள்.

"என்ன செய்யிறியள் மச்சாள்?"

"ஒரு வீட்டிலை ரெண்டு உலை வைக்கிறதே?"

"அப்ப உங்களுக்குத் திருப்பி நோகுமெல்லோ."

"நோகட்டும். என்ரை பின்னலை நீ பாக்கிற பார்வைதான் எனக்கு அதைவிடக் கூட நோகுது."

(இங்கே "நாகேஸ்வரி கண்கலங்கி" என்று எழுதினேன். பொய். அவள் பழக்கத்தில் சுளகைப் புடைக்கப் போனாள். மாக் குளிசை பதராய்ப் பறக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.)

4.

நாகேஸ்வரியின் விரல்கள் மறுபடி கொஞ்சம் இறுகின. குணலட்சுமி ஈரத் துவாயைத் தானே பிழிந்தாள். டொக்டர் இருவரின் மூட்டுகளையும் அமத்திப் பார்த்துக் குழம்பினார். பிறகு முகம் மலர்ந்தார். அது சோளகக் காற்றுப் போய் வாடைக்காற்று வந்த மாதம். காற்றுக்கும் முடக்குவாதத்துக்கும் உறவு கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, கொழும்பில் வாசிக்கக் கட்டுரை எழுதத் தொடங்கினார்.

இப்படி முடிக்கலாம்: டொக்டர் கைதட்டு வாங்குகிறார். எங்கோ ஒருத்தி காற்றுத்தான் காரணமாம் என்று கேட்டு யன்னலைச் சாத்திவிட்டு, மருந்தில்லாமல் கிடக்கிறாள். சிரிப்பு வரும் என்றுதான் எழுதினேன். வரவில்லை.

5.

ஆகவே டொக்டரைக் கேட்க வைத்தேன். "காற்றைத் தவிர வேறை ஏதும் மாறினதோ?"

குணலட்சுமி மேசைக்குக் கீழே மச்சாளைக் கிள்ளினாள். சொன்னால் போத்தல் பறிபோகும். நாகேஸ்வரிக்கு அது தெரியும். ஆனால் அந்த மனிதர் காற்றைப் பற்றிச் சந்தோசமாகக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் அவளால் முடியவில்லை.

"குளிசையைக் கலந்துபோட்டம் ஐயா."

டொக்டர் கட்டுரைத் தாள்களை மடித்தார்.

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"மாக் குளிசையை வீட்டுக்கு அனுப்பினது நீங்கள்," என்றாள் குணலட்சுமி. "நாங்கள் பங்கு போட்டது மட்டும்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கொழும்புக்கு உண்மையை எழுதினால் இவர்களை ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டும், குளிசையும் நின்றுவிடும். மறைத்தால் ஆராய்ச்சியே பொய். இரண்டு போத்தல்களும் மேசையில் இருந்தன. டொக்டர் கையை நீட்டி, அவற்றை

இந்த வசனத்தை நான் முடிக்கப் போவதில்லை. விரல் மடங்குகிறவர்கள் பேனையை எடுங்கள்.